பழகிய கோயிலில் ஒரு கல்யாணம்

அக்கா மகளின் கல்யாணப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து, "தெரிந்த கோயில்தானே" என்ற வார்த்தையை எத்தனை பேர் வாயால் கேட்டேன் என்று சொல்லி முடியாது. அக்கா சொன்னாள், அத்தான் சொன்னார், மாப்பிள்ளை வீட்டாரும் சொன்னார்கள். தெரிந்த கோயில்தானே, இடம் தேடி அலைய வேண்டாம். தெரிந்த கோயில்தானே, ஃபாதரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தெரிந்த கோயில்தானே, பின்னாலேயே பங்கு மண்டபம் இருக்கிறது, வரவேற்பையும் அங்கேயே வைத்துவிடலாம். நான் பாடகர் குழுவில் நெடுநாளாக இருப்பவள் என்பதால் கோயில் சம்பந்தப்பட்ட ஏற்பாடுகளை என்னிடம் விட்டார்கள். மனம் நிறைந்துதான் ஏற்றுக்கொண்டேன். அந்தப் பெண் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெற்ற எங்கள் பங்கின் கத்தோலிக்கக் கோயில் அது. முதல் நற்கருணை வாங்கியதும் அங்கேதான். ஆனால் வேலைகள் நகர நகர ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கல்யாணம் முடிந்த பிறகும் அது விடவில்லை. பழகிய கோயில்தான் வேண்டும் என்று பிடிவாதமாகத் தேர்ந்தெடுக்கிறோம். பிறகு அந்தக் கோயிலே அடையாளம் தெரியாமல் போகிற அளவுக்கு அதை மூடி மறைக்கத்தான் எல்லாப் பாடும் படுகிறோம். தூண்களைச் சுற்றித் துணி, பீடத்தின் முன்னால் பூ வளைவு, பழைய பெஞ்சுகளுக்கு உறை, தரைக்கு வாடகைக் கம்பளம். முன்பின் தெரியாத ஓர் இடத்தை வாடகைக்கு எடுத்து அலங்கரிப்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது. இங்கே எதற்கு?

யோசித்துப் பார்த்தால், நமக்குத் தெரிந்தது நம் இருக்கையிலிருந்து தெரிகிற கோயில் மட்டும்தான். பாடகர் குழு நிற்கும் மூலையிலிருந்து பீடம் எப்படித் தெரியும், எந்த ஒலிவாங்கி கரகரக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அக்காவுக்குத் தூணை ஒட்டிய வரிசை. அத்தான் எப்போதும் கடைசி வரிசைக்கும் பின்னால், வாசற்படியருகே நிற்பவர். எல்லோருமே ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் போகிறவர்கள். ஒரு சனிக்கிழமை மாலையில், ஆளில்லாத வேளையில், அதே கோயில் எப்படி இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. விளக்குப் பலகையில் எந்தப் பொத்தான் எந்த விளக்குக்கு, பக்கவாசல் கதவு உள்பக்கம் திறக்குமா வெளிப்பக்கம் திறக்குமா, மண்டபத்துச் சாவி யார் வீட்டில் தொங்குகிறது என்பதெல்லாம் கோயிலைப் பராமரிக்கும் கோயில்பிள்ளை ஒருவருக்குத்தான் தெரியும். கோயிலில் கல்யாணம் வைக்க நினைக்கிற யாராக இருந்தாலும், பூக்காரரையும் புகைப்படக்காரரையும் பார்ப்பதற்கு முன்னால் அவரைப் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பங்குத்தந்தையர் சில வருடங்களில் மாறிவிடுவார்கள். கோயில்பிள்ளை அங்கேயே இருப்பவர்.

தேதியும் தாள்களும்

தேதியை நாம் குறித்துக்கொண்டு போய்ச் சொன்னால் ஃபாதர் தலையசைப்பார் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கோயிலுக்கென்று ஒரு காலக்கணக்கு இருக்கிறது. அதற்குள்தான் நம் கல்யாணம் இடம் தேட வேண்டும். பெரிய வெள்ளியும் புனித சனியும் திருமணம் கிடையாது. தவக்காலத்தில் திருமணத்துக்கு முழுத் தடை என்று சட்டம் சொல்வதில்லை. ஆனால் அந்த நாட்களில் பீடத்தைப் பூக்களால் அலங்கரிப்பதில்லை; தவக்காலத்தின் நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும்தான் விதிவிலக்கு. இது தெரியாமல் தேதி குறித்துவிட்டு, கல்யாணத்துக்கு முந்தின வாரம் பூவுக்காக வாதாடுகிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை மாலை என்றால் இன்னொரு சிக்கல். ஞாயிறு பூசைக் கடமையை நிறைவேற்றும் மாலைத் திருப்பலி பல கோயில்களில் அன்றைக்கே உண்டு. அதற்கு வருகிறவர்கள் வந்து அமர்வதற்குள் கல்யாணக் கூட்டம் கலைந்து, கோயில் கூட்டிப் பெருக்கப்பட்டிருக்க வேண்டும். புகைப்படத்துக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பது அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

அடுத்து தாள்கள். மாப்பிள்ளை வேறு பங்கைச் சேர்ந்தவர். அவருடைய திருமுழுக்குச் சான்றிதழைப் புதிதாக வாங்கி வரச் சொன்னார் ஃபாதர். வீட்டில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பத்திரமாக இருக்கும் பழைய சான்றிதழ் செல்லாதா என்று அவர் அம்மா வருத்தப்பட்டார். காரணம் எளிது. ஒருவர் திருமணம் செய்துகொண்டால் அந்தச் செய்தி திருமணம் நடந்த கோயிலின் பதிவேட்டோடு நின்றுவிடுவதில்லை. அவர் திருமுழுக்குப் பெற்ற கோயிலுக்கும் தகவல் போய், அங்கே அவருடைய பெயர் உள்ள பக்கத்திலேயே குறித்துவைக்கப்படும். அதனால்தான் அண்மையில் எடுத்த சான்றிதழ் கேட்கிறார்கள். இடையில் ஏதாவது குறிப்பு ஏறியிருந்தால் அதில் தெரிந்துவிடும். எங்கள் பெண்ணுக்கு அலைச்சல் இல்லை. ஃபாதர் அலமாரியைத் திறந்து கனமான ஒரு பதிவேட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். நீல மை மங்கிய வரிசையில் அவள் பெயர், பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், அன்றைய பங்குத்தந்தையின் கையொப்பம். அதே பக்கத்தில் அவளுக்கு மேலும் கீழும் எழுதியிருந்த சில பெயர்களின் ஓரத்தில் ஏற்கனவே திருமணக் குறிப்புகள் இருந்தன. அவள் வரிசையின் ஓரம் காலியாக இருந்தது. "இதில்தான் எழுதுவீர்களா ஃபாதர்?" என்று விரலை வைத்துக் கேட்டாள். "இதில்தான்" என்றார்.

ஓலை வாசிப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று பூசையில் அறிவிப்பதை இப்போதெல்லாம் வெறும் சம்பிரதாயமாகத்தான் கேட்கிறோம். அது ஒரு காலத்தில் உயிர்போகிற விஷயமாக இருந்தது. யாருக்கும் தெரியாமல் இருவர் தனியே வாக்குக் கொடுத்துக்கொள்வதும், பிறகு ஒருவர் மறுத்துவிட்டு வேறொருவரை மணப்பதும், கைவிடப்பட்டவருக்குச் சாட்சி சொல்ல ஆளில்லாமல் போவதும் ஐரோப்பாவில் பெரிய பிரச்சினையாகி, கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான திரெந்துப் பொதுச்சங்கம் 1563இல் அதற்கு ஒரு முடிவு கட்டியது. திருமணத்துக்கு முன்னால் மூன்று முறை பொதுவில் அறிவிக்க வேண்டும். பங்குக்குரு முன்னிலையில், சாட்சிகள் முன்னிலையில் நடக்க வேண்டும் என்று ஆணை பிறப்பித்தது. இன்று நடைமுறையில் உள்ள 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் குருவின் அல்லது அவருக்கு அடுத்த நிலையிலுள்ள திருத்தொண்டரின் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு நடப்பதைத்தான் செல்லுபடியாகும் திருமணமாகக் கொள்கிறது. பொதுவாகப் பங்குக் கோயிலில் நடக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஊரறியத் திருமணம் என்று நாம் சொல்வதன் முழுப் பொருளும் இதில் இருக்கிறது. எங்கள் பெண்ணின் ஓலை வாசிக்கப்பட்ட ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்ததும், இதுவரை எங்களோடு தலையசைப்பு மட்டுமே வைத்திருந்தவர்கள்கூட வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மறைக்கல்வி சொல்லிக்கொடுத்த ஆசிரியை, பின்வரிசைத் தாத்தா, பீடச்சிறுவர்களை ஒழுங்குபடுத்துகிறவர். "எந்தத் தேதி? எத்தனை மணிக்கு?" என்று அவர்கள் கேட்ட விதத்தில் அழைப்பிதழை எதிர்பார்க்கிற தொனி இல்லை. எங்கள் பெண் கல்யாணத்துக்கு நாங்கள் எத்தனை மணிக்கு வந்து உட்கார வேண்டும் என்கிற உரிமைதான் இருந்தது. அன்றைக்கு எனக்கு ஒன்று தெளிவாயிற்று: பழகிய கோயிலில் கல்யாணம் வைக்கிறவர்கள் அந்தக் கோயிலை வாடகைக்கு எடுப்பதில்லை. ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிற ஒரு கூட்டு வழிபாட்டுக்குள் தங்கள் கல்யாணத்தைக் கொண்டுபோய் வைக்கிறார்கள்.

வெயிலும் எதிரொலியும்

கோயில்பிள்ளை சொன்ன யோசனைப்படி, கல்யாணம் நடக்கப்போகும் அதே வேளையில் ஒரு வார நாளில் கோயிலுக்குப் போனோம். நானும் பெண்ணும் மட்டும்தான். உள்ளே நுழைந்ததும் அவள் கண்ணைச் சுருக்கினாள். பழைய கோயில்கள் பலவற்றைப் போல எங்கள் கோயிலிலும் பீடம் கிழக்கே, தலைவாசல் மேற்கே. காலையில் பீடத்துக்குப் பின்னாலிருந்து மெல்லிய வெளிச்சம் வரும். அதைத்தான் வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறோம். மாலையில் சூரியன் தலைவாசல் வழியாக நேராக நடுப்பாதையில் இறங்கி, பீடப்படி வரைக்கும் ஒரே பட்டையாக நீண்டிருந்தது. அந்த நேரத்தில் வாசலில் நிற்கிறவரை உள்ளிருந்து பார்த்தால் கருநிழல்தான் தெரியும், முகம் தெரியாது. மணமக்கள் உள்ளே வரும் காட்சிக்காகவே காத்திருக்கும் அத்தனை பேருக்கும் கண் கூசும். பீடத்தில் நின்று வாசலைப் பார்க்கும் குருவுக்கு இன்னும் மோசம். கோயில்பிள்ளை சிரித்துவிட்டுத் தலைவாசலின் ஒரு கதவை மட்டும் பாதி சாத்திக் காட்டினார். வெயில் பட்டை சுவர்ப்பக்கம் ஒதுங்கியது. நடுப்பாதை தெளிவாகத் தெரிந்தது. "வரும்போது இப்படி வைத்துவிடுகிறேன் அம்மா, எல்லோரும் உட்கார்ந்ததும் திறந்துவிடலாம்" என்றார். எந்த அலங்காரக்காரரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார். சூரியன் பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் என்பதால், கல்யாணத் தேதிக்கு நெருங்கிய நாட்களில் இன்னொரு முறை வந்து பார்க்கும்படியும் அவரே சொன்னார்.

ஒலி விஷயமும் அப்படித்தான். ஆளில்லாத கோயிலில் பேசினால் சுவரும் தரையும் குரலைத் திருப்பித் திருப்பி அனுப்பும். மனிதர்கள் நிறைந்துவிட்டால் உடலும் உடையும் அந்த எதிரொலியின் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். முந்தின நாள் ஒத்திகையில், காலிக் கோயிலில், ஒலிபெருக்கியைச் சரிசெய்துவிட்டு நிம்மதியாகப் போகிறவர்கள் மறுநாள் குரல் எட்டவில்லை என்று தவிப்பது இதனால்தான். பாடல்களுக்கு அது பெரிய நஷ்டமில்லை. வாக்குறுதிக்கு நஷ்டம். திருமணத் திருப்பலியில் எத்தனையோ நடக்கிறது, ஆனால் திருமணமே நடப்பது மணமக்கள் இருவரும் தங்கள் வாயால் சம்மதம் சொல்கிற அந்தச் சில நொடிகளில்தான். இலத்தீன் திருச்சபையின் போதனைப்படி திருமணம் என்னும் அருளடையாளத்தை ஒருவருக்கொருவர் வழங்குகிறவர்கள் மணமக்களே. குரு சம்மதத்தைக் கேட்டுத் திருச்சபையின் பெயரால் ஏற்றுக்கொள்கிறார். அப்படியிருக்க, அந்த நேரம் பார்த்து ஒளிப்படக்காரர்கள் முன்னே குவிந்து மறைத்துக்கொள்ள, மணமக்கள் மக்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குருவிடம் முணுமுணுக்க, கூட்டம் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருப்பதை எத்தனையோ கல்யாணங்களில் பாடகர் மூலையிலிருந்து பார்த்து நொந்திருக்கிறேன். சாட்சியாகக் கூப்பிட்டவர்களைக் காதடைத்து உட்காரவைப்பது நியாயமில்லை. நாங்கள் ஒத்திகையில் வேறெதையும் அவ்வளவு பார்க்கவில்லை, இதைத்தான் பார்த்தோம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி பக்கவாட்டில் திரும்பி நின்று வலக்கைகளைச் சேர்க்க வேண்டும், ஒலிவாங்கி யார் கையில் இருக்கும், எந்த உயரத்தில் இருக்கும், ஒளிப்படக்காரர் எந்தத் தூணுக்கு அப்பால் வரக்கூடாது. கடைசி வரிசைக்கும் பின்னால் அத்தான் நின்று, கேட்கிறது என்று கையை உயர்த்திக் காட்டும்வரை இருவரையும் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன்.

பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மணப்பெண் நுழையும்போது வாக்னரின் அந்தப் பிரபலமான இசையைத்தான் வைக்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் தோழர்கள் ஆசைப்பட்டார்கள். 1850இல் அரங்கேறிய ஓர் இசைநாடகத்தில் வருவது அது. கோயிலுக்குள் நுழையும் பாட்டு அல்ல, திருமணம் முடிந்து மணமக்களை அறைக்கு அழைத்துப்போகும் பாட்டு; அந்தத் திருமணமோ அன்றிரவே முறிந்துபோகிறது. மெண்டல்சனின் திருமண இசை 1842இல் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றுக்காக எழுதப்பட்டது. 1858இல் விக்டோரியா அரசியின் மூத்த மகளின் திருமணத்தில் இவை இரண்டும் ஒலித்தபிறகுதான் உலகமெல்லாம் பரவின. கேட்க அழகான இசைதான், மறுக்கவில்லை. ஆனால் கோயில் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது, எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு வருகைப் பாடலை எல்லோரும் எழுந்து நின்று பாடினால் வருகிற நிறைவு எந்தப் பதிவுசெய்த இசையிலும் வராது. பாடல் தேர்வில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பெண்ணும் என் பக்கம்தான் நின்றாள்.

பீடப்படியின் முன்னால் இருக்கும் இடம்

எல்லாவற்றையும் மாற்றியது அலங்காரக்காரர் வந்த நாள். அவர் தொழிலில் தேர்ந்தவர், மரியாதையான மனிதர். கைப்பேசியில் படங்களைக் காட்டிக்கொண்டே போனார். முன்னால் இரண்டு பக்கமும் முதல் இரு வரிசை பெஞ்சுகளை எடுத்துவிட வேண்டும், அப்போதுதான் படம் எடுக்க இடம் கிடைக்கும். பீடப்படியின் முன்னால் ஆளுயரத்துக்கு மேல் ஒரு பூ வளைவு. அதன் கீழே மணமக்களுக்கு இரண்டு பெரிய நாற்காலிகள். தூண்களின் நிறம் படத்தில் எடுபடாது, அதனால் துணி சுற்ற வேண்டும். திருமுழுக்குத் தொட்டி ஒரு பக்கம் தள்ளி இருந்தால் நன்றாக இருக்கும், நகர்த்த முடியுமா? முடியாது என்றார் கோயில்பிள்ளை, அது தரையோடு பதித்தது. அத்தானுக்கு வளைவு மிகவும் பிடித்துவிட்டது. ஒரே மகள். அவளுக்கு எதிலும் குறை வைக்கக்கூடாது என்கிற அவருடைய ஆசை எனக்கு முழுமையாகப் புரிந்தது.

அன்றைக்கு மாப்பிள்ளையின் அத்தையும் உடன் வந்திருந்தார். மணமக்கள் சரியாக எந்த இடத்தில் இருப்பார்கள் என்று அவர் கேட்டார். கோயில்பிள்ளை பீடப்படிக்கு முன்னால் நடுப்பாதை முடிகிற இடத்தில் போய் நின்று, "இங்கேதான் அம்மா. பெட்டி வைப்பதும் இதே இடத்தில்தான்" என்றார். அவர் மனதில் ஒன்றும் இல்லை; இடத்தின் அளவைச் சொல்வதற்காகச் சொன்னார். அத்தையின் முகம் மாறிவிட்டது. சவப்பெட்டி வைக்கிற இடத்தில் பிள்ளைகளை உட்காரவைப்பதா என்று மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. நாற்காலிகளைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்றார் ஒருவர். கம்பளம் விரித்து வளைவும் வைத்துவிட்டால் அந்த இடம் அந்த இடமாகவே தெரியாது என்றார் அத்தான். அலங்காரக்காரர் நாடாவை எடுத்து அளக்கத் தொடங்கிவிட்டார். என் அம்மாவின் பெட்டியும் அங்கேதான் வைக்கப்பட்டிருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள், நான் அக்காவைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் பேச வரவில்லை.

பேசியது பெண்தான். அதுவரை வளைவா வட்டமா என்பதில் அவளுக்குத் தனிக் கருத்து ஒன்றும் இருக்கவில்லை; பெரியவர்கள் முடிவு செய்யட்டும் என்று விட்டிருந்தாள். கோயில்பிள்ளை நின்ற இடத்துக்கு நடந்துபோய் அவர் பக்கத்தில் நின்றாள். "சித்தி, பாட்டியின் தலைமாட்டில் நான் இங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் பூசைக்கு வந்த எல்லோரும் என் கல்யாணத்துக்கும் வருகிறார்கள். நான் தள்ளி உட்கார மாட்டேன். இந்த இடம் தெரியாமல் மூடவும் வேண்டாம்" என்றாள். பிறகு அத்தையிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது அத்தை. எங்கள் வீட்டில் பாட்டி இருந்த இடம் இது, எனக்குப் பயமில்லை" என்றாள். அத்தை மறுத்துப் பேசவில்லை. மனம் முழுதாக ஒப்பியிருக்கும் என்றும் சொல்ல மாட்டேன். அப்படி ஒப்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை.

அந்தப் பேச்சை நான் பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டேன். எனக்கு உறுத்திக்கொண்டிருந்ததற்கு அதில்தான் பிடி கிடைத்தது. வழிபாட்டு முறையிலேயே இந்தத் தொடர்ச்சி இருக்கிறது. உயிர்ப்பு விழா இரவில் ஏற்றப்படும் பாஸ்கா மெழுகுவர்த்தி பாஸ்கா காலம் முடிந்ததும் திருமுழுக்குத் தொட்டியருகே வைக்கப்படுகிறது. குழந்தைக்குக் கொடுக்கும் மெழுகுவர்த்தியை அதிலிருந்துதான் ஏற்றுகிறார்கள். அடக்கத் திருப்பலியில் பெட்டியின் அருகே நிற்பதும் அதே மெழுகுவர்த்திதான். நடுப்பாதையும் ஒன்றே: கையில் தூக்கிவந்த குழந்தை, மாலையிட்ட மணமக்கள், தோளில் சுமந்த பெட்டி என்று எல்லாமே அதே வழியாகத்தான் வந்து அதே படியின் முன்னால் நிற்கின்றன. மணமக்கள் அங்கே நின்று சொல்வதுதான் என்ன? இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும், வாழ்நாளெல்லாம் என்று சொல்கிறார்கள். வாழ்நாளெல்லாம் என்று வாக்குக் கொடுக்கிறவர்கள் அந்த வாழ்நாளுக்கு ஒரு முடிவு உண்டு என்பதை அறிந்தேதான் கொடுக்கிறார்கள். துக்கத்தின் நினைவு படாத இடம் வேண்டும் என்றால் அதற்கு எத்தனையோ அழகான கூடங்கள் இருக்கின்றன. அவற்றை நான் குறை சொல்லவில்லை. பழகிய கோயிலை விரும்புகிறவர்கள் அதன் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. அலங்காரத்தின் பேரில் நாம் மறைக்கப் பார்ப்பது மங்கிய தூண்களை மட்டுமல்ல, அந்த இன்னொரு பாதியையும்தான் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கே வளைவு போயிற்று, தூண்துணி போயிற்று. முன்வரிசை பெஞ்சுகளும் எடுக்கப்படவில்லை. தினமும் பூசைக்கு வருகிற வயதான பெண்கள் உட்காரும் வரிசை அது. கல்யாணத்தன்று அவர்களை எழுப்பிப் பின்னால் அனுப்புவதில் பெண்ணுக்குத் துளியும் விருப்பமில்லை. அலங்காரக்காரரிடம் பீடத்துக்கும் வாசக மேடைக்கும் மட்டும் பூ கேட்டோம், ஞாயிறு பூசைவரை வாடாமல் நிற்கிற பூவாக. அவர் மனம் கோணாமல் செய்துகொடுத்தார். தந்தை மட்டும் மகளைக் கைப்பிடித்து அழைத்துவந்து ஒப்படைக்கும் காட்சியும் பேச்சில் வந்தது. 1969இல் வெளியான திருமணச் சடங்குநூல் அப்படி ஒரு ஒப்படைப்பைச் சொல்வதில்லை. பவனி இருந்தால் குருவுக்குப் பின்னால் மணமக்கள் வரலாம், குறைந்தது பெற்றோரும் இரண்டு சாட்சிகளும் உடன்வரலாம் என்றுதான் சொல்கிறது. அப்படியே வந்தார்கள், இரண்டு பக்கத்துப் பெற்றோரோடும். படத்துக்காகப் பதிவேட்டைப் பீடத்தின்மேல் வைத்துக் கையெழுத்திடச் சொன்னார் ஒளிப்படக்காரர். அது கூடாது என்று சடங்குநூலே விலக்கியிருக்கிறது. பக்கத்தில் ஒரு சிறிய மேசை போட்டு, மக்கள் பார்க்கவே கையெழுத்தாயிற்று.

மண்டபம்

வரவேற்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பங்கு மண்டபத்தின் பெரிய வசதி அது கோயிலின் நிழலிலேயே இருப்பதுதான். யாரும் வண்டி ஏறி வேறிடம் போக வேண்டாம். பெரிய குறை, அது வேறு பல வேலைகளுக்கும் உரியது. ஞாயிறு காலை அங்கே மறைக்கல்வி வகுப்பு. இரவு விருந்து எவ்வளவு நேரம் நீண்டாலும் காலையில் பிள்ளைகள் வந்து உட்கார அது சுத்தமாக இருக்க வேண்டும். கூட்டிப் பெருக்க ஆட்களை முன்கூட்டியே பேசிவைக்காமல் கோயில்பிள்ளையின் தலையில் கட்டுவதுதான் தெரிந்த கோயில் என்ற உரிமையில் நடக்கிற பெரிய அநியாயம். நாற்காலிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். பட்டியலில் எழுதியிருப்பதற்கும் உட்காரத் தகுந்தவற்றுக்கும் எப்போதும் வித்தியாசம் உண்டு. வாசலில் எத்தனை படி, சக்கர நாற்காலி ஏறச் சரிவு இருக்கிறதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, மின்சாரம் போனால் என்ன வழி என்பவற்றை நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். திருப்பலிக்கும் விருந்துக்கும் நடுவே மணமக்கள் படமெடுக்கப் போய்விட, விருந்தினர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் மண்டபத்தில் காத்திருக்கிற அந்த இடைவெளிதான் வரவேற்புகளைக் கெடுக்கிறது என்பது என் அனுபவம். படங்களில் பெரும்பகுதியைத் திருப்பலிக்கு முன்னாலேயே எடுத்துவிட்டோம்.

யாரை அழைப்பது என்பதில்தான் நீண்ட விவாதம் நடந்தது. திருமணத் திருப்பலிக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், கோயில் கதவு திறந்திருக்கும். விருந்துக்கு அழைத்தவர்கள் மட்டும் என்று பிரிப்பது கணக்குக்கு எளிது. ஆனால் ஓலை வாசித்த அன்று வந்து கையைப் பிடித்துக்கொண்டவர்களை, முழுத் திருப்பலியிலும் கூடப் பாடிவிட்டு, மண்டபத்து விளக்குகளைப் பார்த்தபடியே வீட்டுக்குப் போகவிடுவது எனக்கு ஏற்கவில்லை. எல்லோருக்கும் முழு விருந்து வைக்கிற வசதியும் குடும்பத்துக்கு இல்லை. கடைசியில் அக்காதான் வழி சொன்னாள். திருப்பலி முடிந்ததும் மணமக்கள் நேரே மண்டபத்துக்குப் போகாமல் கோயில் வாசலிலேயே நின்றார்கள். வந்திருந்த அத்தனை பேரும் அவர்களைப் பார்த்து, பேசி, வாழ்த்தி, அங்கேயே முற்றத்தில் போட்டிருந்த மேசைகளில் எளிய சிற்றுண்டி சாப்பிட்டார்கள். அழைப்புப் பெற்ற உறவினரும் அழைப்பில்லாத பங்கு மக்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். இரவு விருந்து பிறகு, சிறிய அளவில். துணிக்கும் வளைவுக்கும் ஒதுக்கியிருந்த பணம் முற்றத்துச் செலவுக்குச் சரியாகப் போனது. எல்லோரையும் இது திருப்திப்படுத்தவில்லை. இரவு விருந்துக்கு அழைக்கவில்லை என்று பாடகர் குழுவிலேயே இருவர் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. அவர்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது.

அத்தானுக்கு அந்த வளைவு இல்லாத குறை இன்றுவரை உண்டு. போன வாரம்கூட ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டு, பின்னணி கொஞ்சம் வெறுமையாக இருக்கிறது என்றார். பின்னணியில் மங்கலான தூணும், அதன் பக்கத்தில் முன்வரிசையில் எழுந்து நிற்கிற வயதான பெண்களும்தான் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவர் பெயரையும் நான் சொன்னேன். அத்தான் கேட்டுக்கொண்டார். உறவில் இன்னொரு கல்யாணம் அடுத்த வருடம் வருகிறது, அதற்கு வளைவு வைத்தே தீருவது என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறார். அங்கேயும் நான் வாதாடத்தான் போகிறேன்.